குடுவையில் முன்பே இருந்தது
(வில்ஹெல்ம் ஒஸ்வால்ட் வாழ்க்கைக் குறிப்பு)

உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் எவருக்கும் ஒஸ்வால்ட் என்ற பெயர் இரண்டு இடங்களில் எதிர்ப்படும். ஒன்று, மென்னமிலங்கள் பற்றிய ஐதாக்கல் விதி. மற்றொன்று, நைத்திரிக்கமிலத்தைக் கைத்தொழில் முறையில் தயாரிக்கும் ஒஸ்வால்ட் முறை. இரண்டையும் நாம் மனனம் செய்கிறோம். சமன்பாடுகளை எழுதி, வெப்பநிலையையும் ஊக்கியின் பெயரையும் குறித்து, புள்ளிகளைப் பெற்றுக்கொண்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்ற தவணையில் எங்களுக்கு ஒரு நியமிப்புப் பரிசோதனை தரப்பட்டது. செறிவு தெரிந்த சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் 25.00 கன சென்ரிமீற்றரைக் குழாயியால் எடுத்து, அளவியிலிருந்து நைத்திரிக்கமிலத்தைத் துளித்துளியாக விட்டு, காட்டியின் நிறம் மாறும் இடத்தை வாசிக்க வேண்டும். என் வாசிப்பு 25.80. மறுபடி செய்தேன், 25.75. மேசையைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் 24.90ஐ ஒட்டியே வந்திருந்தது. என் கொப்பியில் நான் எழுதியது 24.95.

ரீச்சர் கொப்பிகளைத் திருத்தியபோது என் வாசிப்பின் துல்லியத்தைப் பாராட்டினார். கையெழுத்தும் நன்றாக இருந்ததால், சஞ்சிகைக்கு நைத்திரிக்கமிலத்தோடு தொடர்புடைய ஓர் அறிஞரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி என்னிடமே சொன்னார். மகிழ்ச்சியோடு தலையாட்டினேன். அன்றிரவு சரியாக உறக்கம் வரவில்லை.

இந்த அமிலம் எனக்குப் பாடசாலையில் அறிமுகமானதல்ல. என் வாப்பா ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறார். பழைய நகையை விற்க யாராவது வந்தால், அதை உரைகல்லில் உரசி ஒரு கோடு இழுப்பார். பிறகு கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி அசிட்டை அந்தக் கோட்டின் மேல் வைப்பார். செம்பு கலந்த போலி நகை என்றால் கோடு பச்சையாய்க் கரைந்து மறைந்துவிடும். நல்ல பொன் என்றால் கோடு அப்படியே நிற்கும். அந்த அசிட்தான் நைத்திரிக்கமிலம். வாப்பாவின் சுட்டுவிரல் நுனியில் எப்போதும் ஒரு மஞ்சள் கறை இருக்கும். தோலிலுள்ள புரதத்தோடு இந்த அமிலம் தாக்கமடைந்து மஞ்சளாக்கும் என்பதைத் தரம் 12இல்தான் படித்தேன்.

ஒஸ்வால்ட்டுக்கும் இந்த அமிலத்தின் உறவு சிறுவயதிலேயே தொடங்கிவிட்டது. அவர் 1853 செப்ரெம்பர் 2ஆம் திகதி, பால்டிக் கடலோரத்திலுள்ள றீகா நகரில் பிறந்தார். இன்று அது லத்வியாவின் தலைநகரம். அன்று ரஷ்யப் பேரரசின் ஒரு துறைமுகப் பட்டினம். அங்கு வாழ்ந்த ஜேர்மானிய மொழி பேசும் குடும்பங்களில் ஒன்று அவருடையது. தந்தை மரப் பீப்பாய்கள் செய்யும் கைவினைஞர். மூன்று ஆண்பிள்ளைகளில் வில்ஹெல்ம் நடுப்பிள்ளை.

பதினொரு வயதளவில் வாணவேடிக்கை செய்வது பற்றிய ஒரு பழைய நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் பார்த்துப் பார்த்து, தானே மருந்து இடித்துக் கலந்து வெடிகள் செய்யத் தொடங்கினார். அந்தக் கலவையில் முக்கியமானது வெடியுப்பு, அதாவது பொற்றாசியம் நைத்திரேற்று. நைத்திரிக்கமிலத்தின் உப்புகளில் மனிதன் மிக நீண்ட காலமாக அறிந்திருப்பது இதுதான். இயற்கையில் நைத்திரிக்கமிலம் தனியாகத் தேங்கிக் கிடப்பதில்லை. மின்னல் வெட்டும்போது வளியிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து, மழைநீரில் கரைந்து, மிகச் சிறிய அளவில் அமிலமாக மண்ணுக்கு வருகிறது. மாட்டுத்தொழுவங்களின் மண்ணிலும் பழைய சுவர்களிலும் நுண்ணுயிர்கள் சாணத்திலும் சிறுநீரிலுமுள்ள நைதரசனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இந்தியாவின் பீகார்ப் பகுதியில் அத்தகைய மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சியெடுத்த வெடியுப்பு, பல நூற்றாண்டுகள் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது.

வெடியுப்பிலிருந்து அமிலத்தை வடித்தெடுக்கும் வழி, 13ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ஐரோப்பாவில் உலவிய லத்தீன் நூல்களில் காணப்படுகிறது. அவற்றை எழுதியவர் தன் பெயரை மறைத்து, கெபர் என்ற பெயரைப் போட்டுக்கொண்டார். கெபர் என்பது நம் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயர் லத்தீனில் திரிந்த வடிவம். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஒருவர் தன் நூலுக்கு மதிப்புத் தேடி அந்தப் பெயரைக் கடன் வாங்கினார் என்றால், அரபு இரசவாதிகளுக்கு அன்று ஐரோப்பாவில் எத்தகைய மரியாதை இருந்திருக்க வேண்டும்! பொன்னையும் வெள்ளியையும் பிரிக்க அன்றைய பொற்கொல்லர்கள் இந்த அமிலத்தைத்தான் நாடினார்கள். வெள்ளி கரையும், பொன் கரையாது. வாப்பாவின் உரைகல்லில் நடப்பதும் அதே கதைதான்.

வாணவேடிக்கையும் ஒளிப்படக்கலையும் ஓவியமும் வயலினும் என்று ஆயிரம் விருப்பங்கள் இருந்ததால் சிறுவன் வில்ஹெல்ம் பாடசாலையில் கெட்டிக்காரன் என்று பெயரெடுக்கவில்லை. ஐந்து வருடங்களில் முடிக்க வேண்டிய படிப்பை முடிக்க அவருக்கு ஏழு வருடங்கள் பிடித்தன. பரீட்சை முடிவுகளைப் பார்த்து மனமுடைந்துபோகும் நம் தங்கைகளும், அவர்களைவிட அதிகமாக மனமுடைந்துபோகும் பெற்றோரும் இந்த ஏழு வருடங்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

1872இல் டோர்பாட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இன்று அந்நகரம் எஸ்தோனியாவில் தார்த்து என்ற பெயரில் இருக்கிறது. அங்கும் முதல் சில பருவங்களை நண்பர்களோடும் இசையோடும் கழித்துவிட்டு, பிறகு விழித்துக்கொண்டு இரவு பகலாகப் படித்தார். 1878இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1880இல் ஹெலேனாவை மணந்தார். மூன்று ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்தார்கள். 1882இல் தன் சொந்த ஊரான றீகாவின் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார்.

இரண்டு வருடங்களின் பின் சுவீடனிலிருந்து ஓர் ஆய்வேடு அவருக்கு வந்தது. எழுதியவர் சுவாந்தே ஆரீனியஸ் என்ற இளைஞர். உப்புகளும் அமிலங்களும் நீரில் கரையும்போது மின்னேற்றமுள்ள பகுதிகளாகப் பிரிந்துவிடுகின்றன என்பது அவருடைய கருத்து. சொந்தப் பல்கலைக்கழகமோ அதற்கு மிகக் குறைந்த தரத்தையே வழங்கியிருந்தது. ஒஸ்வால்ட் அதைப் படித்தார். அதன் பெறுமதியை உணர்ந்ததும் கடிதத்தோடு நிற்காமல் நேரே உப்சாலாவுக்குப் பயணம் செய்து அந்த இளைஞரைச் சந்தித்தார். றீகாவில் தன்னோடு பணியாற்ற வரும்படியும் அழைத்தார். பெரியவர்கள் ஒதுக்கிய ஒரு மாணவனுக்காகக் கடல் கடந்து போன பேராசிரியர் அவர். ஆரீனியஸ் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார். ஒஸ்வால்ட்டின் ஐதாக்கல் விதி பிறந்ததும் அந்தக் கருத்திலிருந்துதான். அது 1888இல் வெளியானது.

அதற்கு முந்திய வருடம், 1887இல், ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகம் அவரை அழைத்திருந்தது. அதே வருடம் ஒல்லாந்து நாட்டு அறிஞர் வான்ற் ஹொஃப்புடன் சேர்ந்து பௌதிக இரசாயனவியலுக்கென்று ஓர் ஆய்வுச் சஞ்சிகையைத் தொடங்கினார். உலகின் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் அவருடைய ஆய்வுகூடத்தைத் தேடி வந்தார்கள்.

லைப்சிக்கில் அவர் ஆழமாக ஆராய்ந்த விடயம் ஊக்கல். ஒரு தாக்கத்தின் வேகத்தை மாற்றி, தாக்கத்தின் இறுதி விளைவுகளில் தான் சேராமல் நிற்கும் பொருளே ஊக்கி என்று அவர் தெளிவுபடுத்தினார். நடக்க முடியாத தாக்கத்தை ஊக்கி நடத்திவிடாது. நடக்கக்கூடியதை விரைவுபடுத்தும், அவ்வளவுதான். இன்று நம் பாடநூலில் ஒரே வரியில் வந்துபோகும் இந்த விளக்கம், அன்று குழம்பிக் கிடந்த ஒரு துறைக்கே வழி காட்டியது.

இனி அந்தக் காலத்து ஐரோப்பாவின் கவலையைச் சொல்ல வேண்டும். பயிர் வளர நைதரசன் வேண்டும். வளியில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்தான் என்றாலும், அதன் மூலக்கூறிலுள்ள இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகக் கட்டுண்டிருப்பதால் பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது. அந்நாளில் உரத்துக்கும் வெடிமருந்துக்கும் தேவையான நைத்திரேற்று பெரும்பாலும் தென்னமெரிக்காவின் சிலியிலிருந்தே வந்தது. மழையையே காணாத அட்டகாமா பாலைவனத்தில் சோடியம் நைத்திரேற்று படிந்து கிடந்தது. அதனோடு செறிந்த சல்பூரிக்கமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் நைத்திரிக்கமிலம் ஆவியாக வெளியேறும். அதைக் குளிர்வித்துத் திரவமாகச் சேகரிக்கலாம். நாம் ஆய்வுகூட முறை என்று படிப்பதும் இதுதான். அமிலத்தின் ஆவி இறப்பரையும் தக்கையையும் தின்றுவிடும் என்பதால் உபகரணம் முழுவதும் கண்ணாடியாக இருக்க வேண்டும்.

1898இல் வில்லியம் குறூக்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் பிரிஸ்டல் நகரில் ஆற்றிய உரையில், சிலியின் படிவுகள் தீர்ந்துபோகும் நாள் தூரத்தில் இல்லை, அதற்குள் வளியின் நைதரசனைப் பயன்படுத்த இரசாயனவியலாளர்கள் வழி காணாவிட்டால் உலகம் கோதுமைப் பஞ்சத்தைச் சந்திக்கும் என்று எச்சரித்தார். ஒஸ்வால்ட்டின் மனதில் இன்னொரு கவலையும் இருந்தது. போர் மூண்டு கடல்வழி அடைபட்டால் ஜேர்மனிக்கு உரமும் இல்லை, வெடிமருந்தும் இல்லை.

1900இல் அவர் ஒரு பரிசோதனை செய்தார். நைதரசனையும் ஐதரசனையும் சூடான இரும்புக் கம்பியின் மேல் செலுத்தினார். அமோனியா கிடைத்தது! ஊக்கலின் பேரறிஞர், உலகமே தேடிய விடையைக் கண்டுவிட்டதாக நம்பினார். காப்புரிமைக்கு விண்ணப்பித்து, பி.ஏ.எஸ்.எப். என்ற பெரும் இரசாயன நிறுவனத்துக்குத் தன் முறையை வழங்க முன்வந்தார்.

அந்த நிறுவனம் இதைச் சரிபார்க்கும் வேலையை, தன்னிடம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு வருடமே ஆன கார்ல் பொஷ் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தது. பொஷ் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். அமோனியா வரத்தான் செய்தது. ஆனால் அது வளியின் நைதரசனிலிருந்து வரவில்லை. இரும்பிலேயே நைதரசன் சேர்வையாக ஏற்கெனவே சிறிதளவு இருந்தது. அதுதான் ஐதரசனோடு சேர்ந்து அமோனியாவாக வெளிவந்தது. இரும்பிலிருந்தது தீர்ந்ததும் அமோனியாவும் நின்றுபோனது.

ஒஸ்வால்ட்டுக்கு முதலில் கோபம்தான் வந்தது என்று சொல்லப்படுகிறது. அனுபவமில்லாத ஒரு பையனிடம் வேலையைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும் என்று நினைத்தாராம். நாற்பத்தேழு வயதுப் பேராசிரியரை இருபத்தாறு வயது இளைஞர் பிழை என்று சொன்னால் யாருக்குத்தான் சுடாது? ஆனாலும் பொஷ்ஷின் பெறுபேறுகள் சரியானவை. ஒஸ்வால்ட் தன் விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டார்.

இந்தப் பகுதியைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். என் கொப்பியின் 24.95 நினைவுக்கு வந்தது. அவர் தன் பிழையை உலகறிய வாபஸ் வாங்கினார். நானோ யாருமே கேட்காத ஒரு பிழையை மறைத்து வைத்திருந்தேன்.

தோல்வியோடு அவர் நின்றுவிடவில்லை. அமோனியாவைத் தயாரிக்கும் வழி தனக்கு அகப்படாவிட்டாலும், நிலக்கரியிலிருந்து கோக் தயாரிக்கும் ஆலைகளில் பக்கவிளைவாக அமோனியா கிடைத்துக்கொண்டிருந்தது. அதை நைத்திரிக்கமிலமாக மாற்றலாமே என்று எண்ணினார். அமோனியாவையும் வளியையும் சூடான பிளாற்றினத்தின் மேல் செலுத்தினால் நைதரசன் ஒட்சைட்டு உண்டாகும் என்பதை பிரான்சின் குல்மன் 1838இலேயே கண்டிருந்தார். ஆனால் அன்று அமோனியா விலை கூடியது, சிலி வெடியுப்பு மலிவானது. எனவே அது ஏட்டோடு நின்றுவிட்டது.

ஒஸ்வால்ட்டும் அவருடைய உதவியாளர் எபர்ஹார்ட் பிரவரும் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். பிரவர் பின்னாளில் அவருடைய மருமகனும் ஆனார். அவர்கள் கண்ட இரகசியம் நேரம். வாயுக்கலவை பிளாற்றினத்தோடு அதிக நேரம் தங்கினால், உண்டான நைத்திரிக்கொட்சைட்டு மறுபடி சிதைந்து வெறும் நைதரசனாகிவிடும். எனவே கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான நேரத்தில் அது ஊக்கியைக் கடந்துபோக வேண்டும். 1902இல் இந்த முறைக்குப் பிரித்தானியாவில் காப்புரிமை பெறப்பட்டது. சில வருடங்களுக்குள் ஜேர்மனியின் போஹூம் நகருக்கு அருகிலுள்ள கெர்த்தேயில், ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி ஆலையும் எழுந்தது.

பரீட்சைக்குப் படிக்கும் தோழியருக்காக அந்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதற்படியில் அமோனியாவும் வளியும் ஏறத்தாழ 850 முதல் 900 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் பிளாற்றினம், ரோடியம் கலந்த மெல்லிய வலையினூடாகச் செல்கின்றன. நைத்திரிக்கொட்சைட்டும் நீராவியும் உண்டாகின்றன. தாக்கம் வெப்பத்தை வெளிவிடுவதால் ஒருமுறை சூடாகிவிட்டால் வலை தானே தணலாக நிற்கும். இரண்டாம் படியில் வாயு குளிர்விக்கப்பட்டு மேலும் ஒட்சிசனோடு சேர்ந்து கபில நிற நைதரசனீரொட்சைட்டு ஆகிறது. சாதாரணமாகச் சூடு கூடினால் தாக்க வேகமும் கூடும். இந்தத் தாக்கம் அதற்கு மாறானது, குளிரில்தான் வேகம் கூடும். மூன்றாம் படியில் அது நீரோடு சேர்ந்து நைத்திரிக்கமிலத்தைத் தருகிறது. கூடவே கொஞ்சம் நைத்திரிக்கொட்சைட்டு மீள உண்டாகும். அதை வீணாக்காமல் மறுபடி இரண்டாம் படிக்கு அனுப்புவார்கள்.

இவ்வாறு கிடைக்கும் அமிலம் ஏறக்குறைய 60 சதவீதச் செறிவுடையது. காய்ச்சி வடித்தால் 68 சதவீதம் வரை உயர்த்தலாம். அதற்கு மேல் காய்ச்சினாலும் நீரும் அமிலமும் அதே விகிதத்திலேயே ஆவியாகும். இன்னும் செறிவு வேண்டுமானால் சல்பூரிக்கமிலம் போன்ற நீரகற்றியின் உதவி தேவை. தூய நைத்திரிக்கமிலம் நிறமற்றது. வெளிச்சம் பட்டால் சிறிது சிதைந்து நைதரசனீரொட்சைட்டு உண்டாவதால் மஞ்சளாகும். நம் ஆய்வுகூட அலுமாரியில் அது கபில நிறப் போத்தலில் இருப்பது அதனால்தான்.

ஒஸ்வால்ட் தன் பிழையை ஏற்றுக்கொண்டது ஒருமுறை மட்டுமல்ல. பல வருடங்களாக அணு என்ற ஒன்று இருக்கிறது என்பதையே அவர் நம்பவில்லை. கண்ணால் காணாத அணுவைக் கற்பனை செய்வதைவிட எல்லாவற்றையும் சக்தியைக் கொண்டே விளக்கலாம் என்பது அவர் கட்சி. 1895இல் லூபெக் நகரில் நடந்த மாநாட்டில் அணுக்களுக்காக வாதாடிய லுட்விக் போல்ட்ஸ்மனோடு கடுமையாகவே மோதினார். பின்னர் பிரான்சின் பெரான் செய்த பரிசோதனைகளின் பெறுபேறுகள் வந்தன. ஒஸ்வால்ட் 1908இல் தன் பாடநூலின் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், அணுக்கள் உண்டு என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டார். மாணவர்கள் திறக்கும் புத்தகத்தின் முதற்பக்கங்களிலேயே அதை எழுதினார். ஆனால் அதைப் படித்து மகிழ போல்ட்ஸ்மன் உயிரோடு இல்லை. அவர் 1906இலேயே காலமாகிவிட்டார். உண்மையை ஒப்புக்கொள்வது நல்லது. தாமதமாக ஒப்புக்கொண்டால், கேட்க வேண்டியவர் இருக்கமாட்டார்.

1909இல் ஊக்கல், இரசாயனச் சமநிலை, தாக்க வேகம் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்காக ஒஸ்வால்ட்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுப் பணம் எங்கிருந்து வந்தது? அல்பிரட் நோபல் கிளிசரினை நைத்திரிக்கமிலத்தோடும் சல்பூரிக்கமிலத்தோடும் சேர்த்துச் செய்த நைத்திரோகிளிசரினிலிருந்தும், அதை அடக்கிய டைனமைற்றிலிருந்தும் சேர்ந்த செல்வம் அது. பதினொரு வயதில் வெடியுப்பு இடித்த சிறுவனிடம் அந்த அமிலம் பதக்கமாகத் திரும்பி வந்தது.

அதே 1909இல் பிறிற்ஸ் ஹேபர், ஒஸ்வால்ட் தவறவிட்ட அமோனியாவை உண்மையாகவே வளியின் நைதரசனிலிருந்து தயாரித்துக் காட்டினார். அதைப் பெரும் ஆலையாக்கியவர் வேறு யாருமல்ல, அந்த இளைஞர் கார்ல் பொஷ்தான். 1913இல் ஒப்பாவ் என்ற இடத்தில் ஆலை இயங்கத் தொடங்கியது. ஹேபர், பொஷ் முறையில் கிடைக்கும் அமோனியா ஒஸ்வால்ட் முறையில் அமிலமாகும். பிழை செய்தவரும் பிழை கண்டவரும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளானார்கள்.

அடுத்த வருடமே முதலாம் உலகப் போர் மூண்டது. ஒஸ்வால்ட் அஞ்சியபடியே பிரித்தானியக் கடற்படை ஜேர்மனியின் கடல்வழியை அடைத்தது. சிலி வெடியுப்பு வரவில்லை. ஆனால் ஜேர்மனியின் பீரங்கிகள் ஓயவில்லை. வளியிலிருந்து அமோனியா, அமோனியாவிலிருந்து நைத்திரிக்கமிலம், அதிலிருந்து வெடிமருந்து என்று ஆலைகள் இரவு பகலாக இயங்கின. இந்த முறைகள் இல்லாதிருந்தால் அந்தப் போர் இத்தனை காலம் நீடித்திருக்காது என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் பலர்.

ஒஸ்வால்ட்டின் வாழ்க்கையில் எனக்கு வருத்தம் தந்த பகுதியும் இங்குதான் இருக்கிறது. போருக்கு முன் அவர் சமாதான இயக்கங்களில் பேசியவர், எழுதியவர். நாடுகளிடையே பொதுமொழி வேண்டும் என்று உழைத்தவர். ஆனால் 1914 ஒக்டோபரில் ஜேர்மன் அறிஞர்கள் 93 பேர் தங்கள் நாட்டின் போர்ச் செயல்களை நியாயப்படுத்தி வெளியிட்ட அறிக்கையில் அவருடைய பெயரும் இருந்தது. ஆய்வுகூடத்தில் தன் பிழையை ஏற்கத் தெரிந்த ஒருவருக்கும், நாடே ஒரு குரலில் முழங்கும்போது தனித்து நிற்பது எளிதாக இருக்கவில்லை. மேசையைச் சுற்றியிருந்தவர்களின் வாசிப்பைப் பார்த்துத் தன் வாசிப்பை மாற்றிய எனக்கு, இதைக் குறைசொல்லும் தகுதி எவ்வளவு என்று தெரியவில்லை.

அந்த அமிலத்தின் இரு முகங்களும் போரோடு மறையவில்லை. நைத்திரிக்கமிலமும் அமோனியாவும் சேர்ந்தால் அமோனியம் நைத்திரேற்று. வயலில் இட்டால் பயிர் பசுமையாகும். 1921இல் ஒப்பாவ் ஆலையில் குவித்து வைத்திருந்த அத்தகைய உரம் வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகத்தில், வருடக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து உம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது. குற்றம் உப்பினுடையதல்ல. அங்கே அது கிடக்கிறது என்று தெரிந்தும் செய்ய வேண்டியதைச் செய்யாதவர்களுடையது.

ஒஸ்வால்ட் 1906இலேயே பேராசிரியர் பதவியிலிருந்து விலகி, லைப்சிக்குக்கு அருகே குறோஸ்போத்தன் என்ற கிராமத்திலுள்ள தன் வீட்டில் குடியேறியிருந்தார். அந்த வீட்டுக்கு அவர் வைத்த பெயர் சக்தி. பிற்காலத்தில் அவர் மனம் நிறங்களிடம் போனது. நிறங்களை ஒழுங்குபடுத்தி, அளந்து, பெயரிட்டு நூல்கள் எழுதினார். ஓவியம் வரைந்த சிறுவன் முதுமையில் திரும்பி வந்ததுபோல. 1932 ஏப்ரல் 4ஆம் திகதி லைப்சிக்கில் காலமானார். அவர் பிறந்த றீகாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மூத்த மகள் கிரேட்டே, தந்தையின் கடிதங்களையும் ஏடுகளையும் பேணிக் காத்து, அவர் வாழ்க்கையை ஒரு நூலாக எழுதி 1953இல் வெளியிட்டார். ஒரு மகள் பேணியதால் எஞ்சியவை இன்றும் இருக்கின்றன என்பது பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் குறித்து வைக்கத்தக்கது.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு, இந்தக் கட்டுரையை ஒப்படைக்க என்னால் முடியவில்லை. பொய் வாசிப்புக்குக் கிடைத்த பரிசு அல்லவா இது? வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. கல்லில் கோட்டை இழுத்த பிறகு துளியை வைக்கப் பயப்படக் கூடாது மகள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆய்வுகூடத்தில் ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு புள்ளிகளை வெட்டினார். வெட்டிவிட்டு, அதே பரிசோதனையைத் தன் முன்னால் செய்து காட்டச் சொன்னார். நான் கூம்புக்குடுவையை எடுத்து, வழக்கம்போல சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலால் அலசத் தொடங்கினேன். ரீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அளவியையும் குழாயியையும்தான் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலால் அலச வேண்டும். குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே அலச வேண்டும். கரைசலால் அலசினால் சுவரில் ஒட்டி நிற்கும் துளிகள் கணக்கில் வராமல் கூடுதலாகச் சேரும். நடுநிலையாக்கக் கூடுதல் அமிலம் வேண்டும்.

இரும்புக் கம்பியில் நைதரசன் முன்பே இருந்ததுபோல, என் குடுவையிலும் காரம் முன்பே இருந்திருக்கிறது. 25.80 பொய்யான வாசிப்பல்ல. என் பிழையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த உண்மையான வாசிப்பு. நான் அதை அழித்ததால் ஒரு தவணை முழுவதும் அந்தப் பிழையோடே இருந்தேன்.

குடுவையை நீரால் அலசி மறுபடி செய்தேன். 24.90.

கொப்பியில் பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம் என்று ரீச்சர் சொன்னார். 24.95ஐ ஒரு கோட்டால் வெட்டி, மேலே 25.80 என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். கட்டுரையை யார் எழுதுவது என்று கேட்டேன். எழுதியாகிவிட்டதே, இதையும் சேர்த்து எழுதித் தா என்றார். சேர்த்திருக்கிறேன்.